இடது பக்கத்து இரண்டு பல்புகள்

அண்ணன் இறந்து பத்து நாள் கழித்து அண்ணி என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"வண்டியப் போய்ப் பாருங்க தம்பி. லைட்டு எரிஞ்சுதா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க."

ஏன் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். காலைப் பனியில் வெளிச்சமே இல்லாமல் கார் வந்தது என்று, எதிரே வந்த லாரிக்காரர் போலீஸில் சொல்லியிருந்தார். அண்ணனுக்கு வேலை போய் நாலு மாதம். இரண்டையும் முடிச்சுப் போட ஆளா இல்லை? துக்கம் விசாரிக்க வந்தவர்களே வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, "வேணும்னே கொண்டுபோய் விட்டுட்டானோ" என்று குசுகுசுத்தார்கள். ஒருவரையாவது நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். எனக்குக் கோபம்கூட வரவில்லை. மரத்துப்போயிருந்தேன்.

நான் கார் எலக்ட்ரீஷியன். டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டே பாதி ஆயுள் போய்விட்டதால் அண்ணன் என்னை எலி என்றுதான் கூப்பிடுவான்.

வண்டி காவல் நிலையத்தின் பின்பக்கம் கிடந்தது. வலது பக்கம் சப்பையாகிவிட்டது. இடது பக்கத்தில் கண்ணாடிகூட உடையவில்லை.

"என்ன தேடுறீங்க?" என்றார் காவலர்.

"பல்பு."

"அத எடுத்து இனிமே எங்க மாட்டப் போறீங்க?"

நியாயமான கேள்விதான். பல்பு எரிந்துகொண்டிருக்கும்போது அடி விழுந்தால், உள்ளே இருக்கும் இழை சூட்டில் இளகி இழுபட்டுப் போயிருக்கும். அணைந்திருந்தால் சுருள் குலையாது. ஒடிந்தாலும் நறுக்கென்று ஒடியும். இதை அவருக்கு விளக்க எனக்குத் தெம்பில்லை.

ஹெட்லைட் பல்பைக் கழற்றி வெயிலில் பிடித்தேன். உள்ளே இரண்டு இழைகள். ஒன்று முழுசாக இருந்தது, மற்றது நறுக்கென்று ஒடிந்திருந்தது. எரியவில்லை. ஃபியூஸ் பழுதில்லை. வயரிலும் குறையில்லை. ஸ்விட்ச்தான் அணைத்த நிலையில் இருந்தது. அண்ணனே அணைத்திருக்கிறான்.

பிறகு பம்பருக்குள் கைவிட்டு, பனிக்கென்று கீழே இருக்கும் ஃபாக் லைட்டின் பல்பை எடுத்தேன். அதன் இழை நீண்டு, தலைமுடி மாதிரி வளைந்து கிடந்தது. அது எரிந்திருக்கிறது.

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அந்த வண்டியில் ஹெட்லைட் எரிந்தால்தான் ஃபாக் லைட் எரியும். தனியாக எரிய வைத்தது நான்.

"டேய் எலி, பனியில ஹெட்லைட்டப் போட்டா வெள்ளைச் சுவரு மாதிரி மூஞ்சியிலயே அடிக்குதுடா. கீழ இருக்கறது மட்டும் எரியணும்" என்று போன பனிக்காலத்தில் ஷெட்டுக்கு வந்து நின்றான்.

"எதிர்ல வர்றவனுக்கு நீ தெரிய வேணாமா?"

"எனக்கு ரோடு தெரிஞ்சா போதாதா?"

போதாது என்று சொல்லியிருக்க வேண்டும். ஃபாக் லைட்டுக்குக் கரண்டைத் திறந்துவிடும் ரிலேக்கு ஹெட்லைட்டிலிருந்து வந்த வயரை வெட்டி, சாவி போட்டதும் கரண்ட் வரும் வயரோடு சேர்த்தேன். அரை மணி நேர வேலை. நான் சுற்றிய டேப் இன்னும் பிரியவில்லை. ஃபாக் லைட்டின் வெளிச்சம் தரையோடு தரையாகத்தான் விழும். பனியில், அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்திருக்கும் லாரிக்காரருக்கு அது தெரிவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. எழுந்து பேன்ட்டைத் தட்டிக்கொண்டு கிளம்பினேன்.

அண்ணி தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"எரிஞ்சுது அண்ணி. ஹெட்லைட்டு இல்ல, கீழ இருக்கற ஃபாக் லைட்டு. பனியில ரோட்டப் பாத்து ஓட்டத்தான் அண்ணன் அதப் போட்டிருக்காரு."

"சாகப் போறவங்க அதப் போட மாட்டாங்கல்ல?"

"மாட்டாங்க."

இந்தப் பத்து நாளில் முதல் தடவையாக அண்ணி வாய்விட்டு அழுதார். மிச்சத்தையும் சொல்லிவிடத்தான் வழி நெடுக வார்த்தைகளைக் கோத்துக்கொண்டு வந்திருந்தேன்.

"அண்ணி, அந்த லைட்டு..."

"நீங்க மாத்திக் குடுத்ததுதானே? அவரு சொல்லியிருக்காரு." ஈரக் கையாலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்லவேளை செஞ்சு குடுத்தீங்க தம்பி. இல்லன்னா இது தெரியாமயே போயிருக்கும்."

உள்ளறையிலிருந்த மகளைக் கூப்பிட்டார். "அப்பா நம்ம வீட்டுக்குத்தான் வந்துகிட்டு இருந்தாங்கடி. சித்தப்பா போட்டுக் குடுத்த லைட்டு எரிஞ்சுகிட்டுத்தான் இருந்துச்சு."

அவள் என்னைப் பார்த்தாள். "நெஜமாவா சித்தப்பா?"

"ஆமாம்மா" என்றேன். மிச்சத்தை இனி அந்த வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாது.