முப்பத்தைந்தில் எட்டு

1

இந்தக் கதை ஒரே ஒரு வசனத்திலிருந்து வந்தது. இலங்கையில், மழைக்கு ஷட்டரெல்லாம் இறக்கிவிட்ட கேகாலை பஸ்ஸில், முன் சீட்டிலிருந்த பள்ளிக்கூடப் பிள்ளை தன் சிநேகிதியிடம் சொன்னாள்: "எனக்கு அந்த முப்பத்தஞ்சு வேணாம்டி. இருவத்தேழே போதும்." அடுத்த ஹோல்ட்டில் இறங்கிப் போய்விட்டாள். 2003ஆம் வருஷம்.

ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்தவன் நான். கூடுதலாகக் கேட்டு நின்றவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கூடக் கிடைத்ததைத் திருப்பிக் கொடுக்க நின்றவர்களைப் பார்த்ததில்லை. அந்தப் பிள்ளையின் பேர் தெரியாது. ஜீவராணி என்று வைத்துக்கொள்கிறேன். இனி வருவதெல்லாம் நான் கட்டியது.

2

முதல் தொடக்கம்: "பனி படர்ந்த மலை முகடுகளைப் பார்த்தபடி, கண்களில் ஆயிரம் கனவுகளோடு ஜீவராணி..."

வேண்டாம். ரப்பர் தோட்டத்தில் பனி கிடையாது, கொசுதான்.

இரண்டாவது: "ஜீவராணியின் அப்பா இருளப்பன் அன்றும் குடித்துவிட்டு..."

இதுவும் வேண்டாம். தோட்டத்துக் கதையென்றால் அப்பா குடித்தே ஆகவேண்டும் என்று யார் சட்டம் போட்டது? என் இருளப்பன் குடிக்கமாட்டார். வெற்றிலை போடுவார். வாய் நிறைய வெற்றிலை இருப்பதால் அதிகம் பேசவும் மாட்டார்.

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன்: ஜீவராணிக்குப் பள்ளிக்கூடத்தைப் பிடிக்கவும் இல்லை, பிடிக்காமலும் இல்லை. பால் வெட்டுகிறவர்களுக்கு ரப்பர் மரம் எப்படியோ அப்படி. விடிந்தால் போகவேண்டும், போனாள்.

3

ஓ.எல்., அதாவது பதினோராம் வகுப்பு அரசாங்கப் பரீட்சை, எழுத வேண்டிய வருஷம். அவள் பள்ளிக்கூடத்தில் ஓர் ஏற்பாடு இருந்தது. தவணைப் பரீட்சையில் கணக்கில் முப்பத்தைந்து எடுக்காதவர்களை அந்த வருஷம் ஓ.எல். எழுத விடமாட்டார்கள். பாஸ் வீதம் கெட்டுவிடுமாம். (இப்படிச் செய்யலாமா என்று கேட்கிறீர்களா? லயத்திலிருந்து ஒருவரும் போய்க் கேட்டதில்லை.)

எழுதாதவள் வீட்டில் சும்மா இருக்க முடியாது. தோட்டத்தில் வேலைக்குப் புதிதாகப் பேர் பதிகிற நேரம் அது. பதிந்தால் கத்தியும் வாளியும் கையில் வரும். அடுத்த வருஷம் பரீட்சை எழுதலாம், அடுத்த வருஷம் எழுதலாம் என்று சொல்லிக்கொண்டே காலம் போய்விடும்.

ஜீவராணி எடுத்தது இருபத்தேழு. கணக்கு டீச்சர் றஹீமா அதை அடித்துவிட்டு, பக்கத்தில் முப்பத்தைந்து என்று போட்டிருந்தார்.

4

"ஏன்டி, டீச்சர் போட்டா போட்டுட்டுப் போறாங்க. ஒனக்கு எங்க நோவுது?" என்றாள் அக்கா நவமணி. பால் வெட்டுகிற கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒனக்குந்தான் போட்டாங்க, அறுவது எழுவதுன்னு. அப்பா லயம் பூரா டொபி மிட்டாய் குடுத்தாரு. கடைசில ஓ.எல்.ல என்னா வந்திச்சு?"

"தமிழ்ப் பாடமும் சைவப் பாடமும் வந்திச்சில்ல. சாமி மட்டும் என்னைய கைவிடல."

ரெண்டு பேரும் சிரித்தார்கள். நவமணி கத்தியின் வாயை விரலால் தடவிப் பார்த்தாள்.

"பெயிலானது பெருசில்லடி. பாஸாயிருவேன்னு நெசமாவே நம்புனேன் பாரு, அதுதான்."

[இங்கே நவமணியை ஒரு வரி அழ வைத்திருந்தேன். எடுத்துவிட்டேன். கத்தி தீட்டும்போது அழுதால் கை போய்விடும்.]

5

ரப்பர் தெரியாதவர்களுக்கு ஒரு குறிப்பு. பால் குறைந்த நாளில் சிலர் பால் அளந்து கொடுக்கிற ஸ்டோருக்கு வருகிற வழியில், ஓடையில் வாளியைச் சாய்த்துக் கொஞ்சம் தண்ணீர் சேர்த்துக்கொள்வார்கள். ஸ்டோரில் கணக்கப்பிள்ளை ஒரு கண்ணாடிக் குழாயைப் பாலில் மிதக்கவிடுவார். தண்ணீர் கூடினால் குழாய் மேலே எழும்பி நிற்கும். அவ்வளவுதான், மானம் போயிற்று.

பரீட்சைப் புள்ளியும் பாலும். இந்த உவமை எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. அதனாலேயே அதன்மேல் சந்தேகம். றஹீமா டீச்சர் முன்னால் வைத்துப் பார்ப்போம்.

6

றஹீமா டீச்சர் வரக்காப்பொலையிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். அவரைக் கெட்டவராக எழுதிப் பார்த்தேன். கதைக்கு லேசாக இருந்திருக்கும். அவர் ஒத்துழைக்கவில்லை.

பள்ளிக்கூடம் விட்டபிறகு ஜீவராணி போய் மேசையருகே நின்றாள்.

"டீச்சர், இது தண்ணி ஊத்துன பாலு. எனக்கு இருவத்தேழே போட்டுருங்க."

"புள்ள, எங்கட வாப்பாவும் ரெண்டேக்கர் ரப்பர் வெச்சிருந்தவர்தான். பாலுக்கு ஆசிட் ஊத்த முந்தி தண்ணி கலக்காட்டி ரப்பர் ஷீட் போட ஏலா. தெரியுமா?"

"அது ஸ்டோர்ல கலக்குறது டீச்சர். இது வர்ற வழியில கலக்குறது."

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"இப்ப எழுதாட்டி பேர் பதிஞ்சிருவாங்க. பொறகு ஒன்ன எங்க தேடுற? அந்த எட்டு ஒரு வாசல், புள்ள. வேறொண்டுமில்ல."

"எங்கக்காவுக்கும் வாசலத் தொறந்துதான் விட்டாங்க. எனக்கு எம்புட்டு தெரியும்னு எனக்குத் தெரியணும் டீச்சர். பேர் பதியிறதா படிக்கிறதான்னு அப்பறம் நானே பாத்துக்கிறேன்."

டீச்சர் விடைத்தாளைப் புரட்டினார். நாலாம் கேள்வி: இருபது லீட்டர் பாலில் ஐந்து லீட்டர் தண்ணீர் கலந்தால், கலவையில் தண்ணீர் நூற்றுக்கு எத்தனை வீதம்? ஜீவராணி எழுதியிருந்தது இருபத்தைந்து. பக்கத்தில் சிவப்புப் பூச்சியம். அந்த வகுப்பில் பாதிப் பேர் எழுதியதும் இருபத்தைந்துதான். தோட்டத்தில் பேச்சே அப்படி: இருவதுக்கு அஞ்சு, கால்வாசித் தண்ணி.

"சரி, நான் தண்ணி ஊத்தினதாவே இரிக்கட்டும். ஒன்ட முப்பத்தஞ்சுல தண்ணி எவ்வளவு பங்கு?"

"இருவத்தேழுக்கு எட்டு..." ஜீவராணி நிறுத்தினாள். "இல்ல டீச்சர். ஊத்துன பொறகு வாளியில இருக்கிறது முப்பத்தஞ்சு. முப்பத்தஞ்சுல எட்டு."

"அப்ப நாலாங் கேள்வி?"

"மொத்தம் இருவத்தஞ்சு. அதுல அஞ்சு. இருவது வீதம்." தான் எழுதியிருந்ததைப் பார்த்தாள். "ச்சே!"

டீச்சர் முப்பத்தைந்தையும் அடித்தார். அடித்த இரண்டு எண்களுக்கும் கீழே ஒரு வட்டம் போட்டு, சிவப்புப் பேனாவை அவள் பக்கம் தள்ளினார்.

"நாளைக்கு ஸ்கூல் அதிபர்ட்ட குடுக்கோணும். ஒன்ட புள்ளிய நீயே போடு."

7

முடிவு ஒன்று: முப்பத்தைந்து போடுகிறாள். ஓ.எல். எழுதிக் கணக்கில் பாஸாகிறாள். நவமணி இதைப் படித்தால், "டொபி எங்க?" என்று கேட்பாள்.

முடிவு இரண்டு: இருபத்தேழு. கத்தி, வாளி. தோட்டத்தைப் பார்த்திராதவர்கள் இதைத்தான் யதார்த்தம் என்பார்கள்.

முடிவு மூன்று: நாலாம் கேள்விக்கு நாலு புள்ளி. இப்போது அது அவளுக்குத் தெரியும். இருபத்தேழும் நாலும் முப்பத்தொன்று. ஆனால் பரீட்சை அன்றைக்குத் தெரியாதே? தெரிந்ததாகவே வைத்தாலும் முப்பத்தொன்றுக்கு வாசல் திறக்காது.

அவள் கேட்டது உண்மையான எண்ணை. அவள் நம்பிய இருபத்தேழு அந்த மேசையடியிலேயே பழசாகிவிட்டது. இனி நான் எதை எழுதினாலும், பாஸாக்கினாலும் பெயிலாக்கினாலும், அது நான் வழியில் கலக்கிற தண்ணீர்.

ஆகையால் எனக்குத் தெரிந்ததோடு நிறுத்துகிறேன். ஜீவராணி பேனாவை எடுத்தாள். மூடியைக் கழற்றவில்லை.

"டீச்சர், அஞ்சாங் கேள்வியில என்னா பிழை?"

டீச்சரின் வரக்காப்பொலை பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போயிற்று. டீச்சர் தோளில் மாட்டியிருந்த பையை இறக்கி மேசையில் வைத்தார்.

வட்டம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. நீங்கள் போடுவதானால் போடுங்கள். அவசரமில்லை, அவர்கள் அஞ்சாம் கேள்வியை முடிக்கட்டும்.