அவர் கையும் அவள் காதும்

இப்படிக் கிட்ட வாருங்கள், கண்ணுகளா. கைவேலையைச் சற்றுக் கீழே வையுங்கள். ஒரு ஹெட்ஃபோனை அக்கக்காகப் பிரித்துப் போட்ட மனிதரையும், அதை மாட்டிக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்த அவர் மனைவியையும் பற்றி ஒரு கதை வைத்திருக்கிறேன். ராஜா ராணி கிடையாது. முக்கால்வாசி ஒரு சாப்பாட்டு மேசையிலேயே நடந்து முடிந்துவிடும்.

அந்த விடுமுறை நாள் காலையில் அவர் மேசைமேல் பழைய செய்தித்தாளை விரித்தார். அதன்மேல் ஹெட்ஃபோனை மல்லாக்கப் படுக்க வைத்தார். அது அவளுடைய அலுவலகம் கொடுத்தது. கூட்டங்களில் ஆட்கள் பேசுவதைப் பதிவு செய்து அனுப்புவார்கள். அவள் வீட்டிலிருந்தபடியே அதைக் கேட்டு, ஒரு சொல் விடாமல் தட்டச்சு செய்து கொடுக்க வேண்டும். காதில் சரியாக விழாத இடத்தில் மூன்று புள்ளி வைக்கலாம். அதுதான் அந்த வேலையில் வழக்கம். ஆனால் அவள் அனுப்பியதில் புள்ளிகள் அதிகமாகிவிட்டன. மேலாளர் அம்மா போனில் கூப்பிட்டுச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: "உங்க எழுத்துல ஒரு பிழை இல்லம்மா. ஆனா பக்கம் பூரா எறும்பு ஊர்ற மாதிரி இருக்கே. இது சோதனை மாசம், உங்களுக்கே தெரியும். மாசக் கடைசிக்குள்ள சரி பண்ணிட்டீங்கன்னா வேலை உங்களுக்குத்தான். இல்லன்னா நான் என்ன பண்ண முடியும், சொல்லுங்க."

பிள்ளைகளை வளர்த்து, ஆளாக்கி, ஆளுக்கொரு ஊருக்கு அனுப்பிவிட்டு, அவள் தனக்கென்று தேடிக்கொண்ட முதல் வேலை அது. "உங்க எழுத்துல பிழை இல்ல" என்ற அந்த ஒரு வரியை அன்றைக்கு முழுக்க வாயில் போட்ட கற்கண்டு மாதிரி அடக்கி வைத்திருந்தாள். அதற்குப் பின்னால் வந்த "இல்லன்னா" தொண்டையில் நின்றது.

"குடத்துக்குள்ள தலைய விட்டுட்டுப் பேசுற மாதிரி கேக்குதுங்க," என்றாள் கணவரிடம்.

அவ்வளவுதான், அவர் முகத்தில் விளக்குப் போட்ட மாதிரி ஆகிவிட்டது. அவருக்குப் பாட்டில் மூடி செய்யும் தொழிற்சாலையில் வேலை. தகட்டை அடித்து மூடியாக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் பாதி ஆயுளைக் கழித்தவர். வேலை முடிந்து வந்தால் பொழுதுபோக்கு, ஹெட்ஃபோனைப் பிரிப்பது. உள்ளே பஞ்சு வைப்பார், எடுப்பார், துளையை அடைப்பார், திறப்பார். தொழிற்சாலையில் அவருக்குப் பெயரே பஞ்சு. 'எல்லாத்துக்குள்ளயும் பஞ்சு வைப்பாரு, தன் காதுக்கு மட்டும் வைக்கமாட்டாரு' என்று கூட வேலை செய்கிறவர்கள் கேலி பேசுவார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

காது மெத்தையை நகத்தால் நெம்பிக் கழற்றினார். திருகாணிகளை ஒரு கிண்ணத்தில் போட்டார். ஸ்பீக்கருக்குப் பின்னால் காலியாகக் கிடந்த குடுவைக்குள் கொஞ்சம் பஞ்சை உதிர்த்து அடைத்தார். பெரிய வீட்டுக் கூடத்தில் பாய் விரித்தால் எதிரொலி அடங்குமே, அதே கணக்கு. அது நல்ல வேலைதான்; குடம் காணாமல் போய்விட்டது. அத்தோடு கையைத் துடைத்திருக்கலாம். மாட்டிக் கேட்டார். புருவம் சுருங்கியது. "இன்னும் மூட்டமா இருக்கே." சின்ன ஸ்பீக்கரின் முகத்தில் ஒட்டியிருந்த மெல்லிய காகித வட்டத்தை உரித்தார். கேட்டார். அதன் மேலிருந்த நுரைப்பஞ்சையும் எடுத்தார். கேட்டார். கம்பளி வளையத்தையும் எடுத்த பிறகுதான் முகம் மலர்ந்தது.

"இப்பக் கேளு. அவங்க உன் எதிர்ல உக்காந்து பேசுவாங்க."

அவள் மாட்டிக்கொண்டாள். எதிரில் உட்கார்ந்தா பேசினார்கள்? காதுக்குள் ஊசியை விட்டுப் பேசினார்கள். யாரோ காகிதத்தைப் புரட்டினால் தகரத்தைக் கிழிப்பது போல் இருந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் தேர்வு முடிவுக்கு நிற்கிற பிள்ளை மாதிரி, கையில் திருப்புளியோடு நின்றுகொண்டிருந்தார்.

"நல்லாருக்குங்க," என்றாள்.

நாம் எல்லோரும் சொல்லியிருக்கிறோம், இல்லையா? ஆக்கிப் போட்ட கையின் முகத்தைப் பார்த்து, உப்பே இல்லாததை அமிர்தம் என்று விழுங்கியிருக்கிறோம். ஒரு வேளைச் சாப்பாட்டோடு அது போய்விடும். இவள் தினமும் காதில் மாட்டிக்கொண்டு உட்கார வேண்டியிருந்தது.

கொஞ்ச நேரம் கேட்டாலே நெற்றிப்பொட்டு தெறித்தது. ஒலியைக் குறைத்தால் சொற்கள் தேய்ந்துபோயின. கடைசியில் இரண்டு காதிலும் பஞ்சை உருட்டி வைத்து, அதன்மேல் ஹெட்ஃபோனை மாட்டித் தட்டச்சு செய்தாள். பழைய புள்ளிகள் வரிசையாகத் திரும்பி வந்தன.

ஒருநாள் மதியம் இயந்திரத்தில் பெல்ட் அறுந்துபோனதால் அவரைச் சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கதவைத் திறந்ததும் மனைவியின் பின்புறம்தான் தெரிந்தது. ஹெட்ஃபோன் ஓரத்தில் வெள்ளையாக ஏதோ துருத்திக்கொண்டிருந்தது. அவர் கிட்டப் போய் விரலால் தொட்டார்.

அவள் துள்ளி எழுந்து ஹெட்ஃபோனையும் பஞ்சையும் உருவினாள். "அய்யோ, எப்ப வந்தீங்க?"

"என்னம்மா இது? நான் உள்ள வச்சத நீ வெளிய வச்சிருக்க?"

"காதுவலிங்க. சும்மா..."

"நல்லாருக்குன்னு சொன்ன?"

"உங்க மூஞ்சியப் பாத்தா வேற எப்படிச் சொல்றது?"

"ஓ, என் மேலயே திருப்பு. இத்தன நாளா என்னை முட்டாளாக்கிட்டு இருந்திருக்க."

"ஆமா, எனக்கு வேற வேலை இல்ல பாருங்க! மாசக் கடைசி நெருங்குது. இந்தக் கூட்டத்த இன்னும் பாதிகூடத் தாண்டல. உங்க காதால கேட்டுப் பாருங்க. ஜன்னல திறந்து போட்டுட்டுப் பேசியிருக்காங்க. இந்தக் குருவி கத்துற கத்துல எனக்கு மண்டையே பொளந்துடும் போல இருக்கு!"

அவர் ஹெட்ஃபோனை வாங்கி மாட்டிக்கொண்டார். கேட்டார். ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"எந்தக் குருவி?"

அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. கிண்டல் செய்கிறார் என்று நினைத்தாள். அப்புறம் அவர் கண்ணைப் பார்த்தாள். ஒலியைக் கூட்டினாள். மேசையின் அந்தப் பக்கம் நின்றிருந்த அவளுக்கே, அவர் காதிலிருந்து கசிந்து, குருவி கீச்சு கீச்சென்று கேட்டது. அவர் இன்னும் தலையைச் சாய்த்தபடியே இருந்தார்.

"இப்ப கத்துதா?"

"கத்துதுங்க."

அவர் ஹெட்ஃபோனைக் கழற்றி மேசைமேல் மெதுவாக வைத்தார். அவள் சில வருடமாக வாய்க்குள்ளேயே பேசுகிறாள் என்று அவர் நினைத்ததும், அவர் சில வருடமாகத் தன் பேச்சைக் காதில் வாங்குவதே இல்லை என்று அவள் நினைத்ததும், யாரும் சொல்லாமலே அந்த மேசைக்கு வந்து உட்கார்ந்துகொண்டன.

"தொழிற்சாலையில எத்தன பேருக்குப் பண்ணிக் குடுத்திருக்கேன்," என்றார். "சூப்பர் பஞ்சண்ணேன்னு சொல்லி வாங்கிப் பைக்குள்ள போடுவானுங்க. ஒருத்தன்கூட அப்புறம் மாட்டி நான் பாக்கல. பயலுங்க, எல்லாரும் உன்ன மாதிரியே நல்லவனுங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் நிறைந்தது. அவர் தோளில் கைவைத்தாள். "நாளைக்கே டாக்டர்கிட்டப் போறோம்."

"அது இருக்கட்டும். உன் மாசக் கடைசி?" அவர் எழுந்து மருந்துப் பெட்டியைத் துழாவி, காயத்துக்கு ஒட்டும் காகிதப் பிளாஸ்திரியை எடுத்து வந்தார். "இனிமே நான் கேக்க மாட்டேன். நீ சொல்லு, நான் ஒட்டுறேன்."

அப்படித்தான் செய்தார்கள். உள்ளே அடைத்த பஞ்சை அவள் தொடவிடவில்லை. ஸ்பீக்கர் முகத்தில் அவர் ஒரு அடுக்குப் பிளாஸ்திரி ஒட்டுவார். அவள் மாட்டிக்கொண்டு கண்ணை மூடுவாள். "இன்னும் குத்துது." இன்னொரு அடுக்கு. "இப்ப மந்தம். பாதியப் பிச்சிருங்க." அவர் பிய்ப்பார். "இடது பக்கம் சரி. வலது பக்கத்துல மட்டும் ஒருத்தர் பல்லக் கடிச்சுட்டுப் பேசுறாரு." மூட்டம் என்று எல்லாவற்றையும் உரித்துப்போட்ட அந்தக் கைகள், அவருக்கே கேட்காத ஒன்றுக்காக நூலளவு வெட்டின, நூலளவு ஒட்டின. கேட்காமலே எப்படித் தெரிந்தது என்கிறீர்களா? அவள் முகத்தைப் பார்த்தார். புருவத்தின் நடுவிலிருந்த கோடு ஒவ்வொரு அடுக்குக்கும் அவிழ்ந்துகொண்டே வந்தது. அது முழுக்க மறைந்ததும் அவராகவே திருப்புளியைக் கீழே வைத்தார். அவள் விரல்கள் ஓட ஆரம்பித்துவிட்டன.

மாசக் கடைசிக்கு முந்தின வாரமே மேலாளர் அம்மா அடுத்த மாதத்துக்கான கூட்டங்களை அனுப்பிவிட்டார். கூட ஒரு வார்த்தை எழுதவில்லை. வேலையை அனுப்பியதே வார்த்தைதானே.

காது மருத்துவமனையில் அவரைக் கண்ணாடிச் சுவர் வைத்த சின்ன அறைக்குள் உட்கார வைத்தார்கள். சத்தம் கேட்டால் விரலைத் தூக்கச் சொன்னார்கள். மாட்டிவிட்ட ஹெட்ஃபோனை அவர் ஒருமுறை கழற்றி, மெத்தையை முகர்ந்து, திருகாணி எங்கே என்று திருப்பிப் பார்த்தார். சோதனை செய்த பெண் கண்ணாடியில் தட்டி, "ஐயா, அதக் கழட்டாதீங்க!" என்றாள். வெளியே நின்ற மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் அறை அமைதியானது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். முழங்கால்மேல் அவர் கை அசையாமல் கிடந்தது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஆட்காட்டி விரல், இருக்குமோ இருக்காதோ என்ற தயக்கத்தோடு, மெல்ல மேலே எழுந்தது.

உங்கள் வீட்டிலும், கண்ணுகளா, ஒருவர் மெல்லச் சொன்னாலும் இன்னொருவர் திரும்பிப் பார்க்கட்டும். கூப்பிட்ட குரலுக்கு ஆள் இருக்கட்டும். நன்றாயிருங்கள்.