பதினேழாம் குழாய்

அந்த ஆய்வுக்கூடத்தில் அவளைச் ‘சொட்டு’ என்றுதான் அழைப்பார்கள். பதினொரு ஆண்டுகளாகக் குழாயிலிருந்து குழாய்க்கு ரத்தம் மாற்றியவள், ஒரு சொட்டும் சிந்தியதில்லை என்பதால் வந்த பெயர். முடக்குவாதம் கண்டவர்களின் ரத்தத்தில், சொந்த மூட்டையே பகையென்று எண்ணித் தாக்கும் செல்களைத் தேடிப் பிடித்து எண்ணுவது அவள் வேலை.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு நலமுள்ளவர்களின் ரத்தமும் வேண்டும். வெளியிலிருந்து வருகிறவர்களிடம் நான்கு பக்கப் படிவம் ஒன்றை நீட்டி, வீட்டில் யாருக்காவது இந்நோய் உண்டா என்பதுவரை கேட்பார்கள். ஆனால் ஆள் குறையும் நாளில், கூடத்தில் இருப்பவர்களே கையை நீட்டிவிடுவது வழக்கம். வெள்ளை அங்கி போட்டவர்களிடமும் அந்தப் படிவத்தை நீட்ட வேண்டுமென்று எவருக்கும் தோன்றியதில்லை.

அந்த வாரம் இயந்திரம் சொன்ன கணக்கில் பதினேழாம் குழாய் மட்டும் முரண்டு பிடித்தது. ‘நலம்’ என்ற பத்தியில் இருந்த மற்றவர்களுக்குப் பத்து லட்சம் செல்களில் தாக்கும் வகை இரண்டோ மூன்றோதான் சாயம் பிடித்து ஒளிர்ந்தன. பதினேழில் நாற்பத்தொன்று. மூன்று முறை ஓட்டினாள். மூன்று முறையும் ஏறக்குறைய அதே எண்.

“தூக்கிடுங்க,” என்றார் பேராசிரியர். “திங்கக்கிழமை கட்டுரை போகணும். ஒரு குழாயால மொத்தப் படமும் கோணலா தெரியுது.”

“குழாய் மாறியிருக்குமோன்னு ஒரு தடவை பாத்துடறேன் சார்.”

எந்த எண் யாருடையது என்ற பட்டியல் ரத்தம் எடுக்கும் செவிலியிடம் மட்டுமே இருந்தது. செவிலி வரிசையில் விரலை ஓட்டிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினாள்.

“மாறலடி. பதினேழு நீதான். அன்னிக்கு ஆள் வரலன்னு நீயே வந்து உக்காந்தியே, மறந்துட்டியா?”

சொட்டு தன் பத்து விரல்களையும் ஒருமுறை மடக்கி நீட்டிப் பார்த்தாள். எல்லாம் சொன்னபடி கேட்டன.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அவளுடைய அக்கா, தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்து, விரல்கள் இளகுவதற்காகக் காத்திருந்தாள். ஆறு ஆண்டுகளாக முடக்குவாதம். பத்து மணிக்கு முன் ஊசி பிடிக்க வராது. சொட்டு விஷயத்தைச் சொன்னாள்.

“அந்த செல்லுக்கு நம்ம மேல அப்படி என்னதான்டி கோவம்?”

“ஒரு வீட்டுல ஒரு நாய் இருந்துச்சுன்னு வச்சுக்க. வீட்டுக்காரர் ஒருநாள் மீசைய எடுத்துட்டு வந்து நின்னாரு. நாய்க்கு அடையாளம் தெரியல. திருடன்னு கடிச்சு வச்சிருச்சு. நம்ம உடம்புப் புரதம் லேசா உருமாறினா அதேதான் நடக்குது.”

“மீசைதான் திரும்ப வளந்துருமே?”

“வளந்தாலும் விடாது. தெருவுல இருக்கற நாய்க்கெல்லாம் சொல்லிக் குடுத்துரும். நான் எண்ணுறது அந்த நாய்ங்களத்தான்.”

“ஓஹோ, நாய் பிடிக்கற உத்தியோகம்! அதுக்கா இத்தனை வருஷம் படிச்ச?” அக்கா சிரித்தாள், உடனே சிரிப்பு நின்றது. “உனக்கும் வருமா?”

“வரலாம். ஆயுசுக்கும் வராமலும் போகலாம். சார் அந்தக் குழாயைத் தூக்கச் சொல்றாரு. பேசாம தூக்கிட்டா வேலை இப்படியே ஓடும். அது நான்தான்னு சொன்னா, ரத்தம் குடுத்தவளே எண்ணக் கூடாதுன்னு என்னைத் தள்ளி வச்சிருவாங்க.”

அக்கா திரும்பி உட்கார்ந்தாள். “என் கை வீங்கினப்புறம்தான் எல்லாரும் வந்து எட்டிப் பாத்தீங்க. வீங்கறதுக்கு முந்தின வருஷம் என் ரத்தத்துல என்ன கூத்து நடந்துச்சுன்னு எவனுக்காவது தெரியுமா? இப்ப ஒருத்தி ரத்தத்துல அது கண்ணுக்குத் தெரியுது. அதப் போய்க் குப்பையில போடுவாங்களாம், இவளும் தலையாட்டிட்டு வருவாளாம்!”

அன்று பிற்பகல் சொட்டு பேராசிரியரின் மேசைமேல் பதிவேட்டை விரித்து வைத்தாள்.

“பதினேழு போகாது சார். அது நான்.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். அக்காவின் கதையையும் சொல்லி முடித்தாள்.

“இத ஏம்மா முன்னாடியே சொல்லல?”

“யாரும் கேக்கல சார். படிவம் வெளியாளுக்குத்தானே?”

அந்தக் கூடத்தில் அவரும் படிவம் இல்லாமலே ரத்தம் கொடுக்கப் பலமுறை கை நீட்டியிருக்கிறார்.

“சரி. அப்ப நீங்க ‘நலம்’ பத்தியில இருக்க முடியாது. நோயும் இல்ல. இருக்கறது ரெண்டே பத்தி. எடுத்துடறதுதான் முறை.”

அவள் அவருடைய அளவுகோலையே எடுத்துப் பதிவேட்டின் ஓரத்தில் நெடுக ஒரு கோடு இழுத்தாள். தலைப்பில் ‘இன்னும் வரவில்லை’ என்று எழுதினாள். அதன்கீழ்ப் பதினேழு.

“இது யார் குடுத்த பத்தி?”

“நான் குடுத்தது.”

“ஒரே ஒரு ஆளை வச்சு எவன் நம்புவான்?”

“நம்ம நோயாளிங்க அறுபத்திரண்டு பேரு சார். அவங்களுக்கெல்லாம் அக்கா தங்கச்சி, அண்ணன் தம்பி இல்லையா? வலி வர்றதுக்கு முன்னாடியே மாசாமாசம் பாப்போம்.”

“கட்டுரை?”

“திங்கக்கிழமை போகாது.”

“பதினோரு வருஷத்துல நீங்க இப்படிப் பேசினதே இல்ல.”

“பதினோரு வருஷமா அடுத்தவங்க ரத்தம் சார்.”

பேராசிரியரின் முகம் சிவந்தது. “இனிமே இந்த ஆய்வுல நீங்க ஒரு குழாயைக்கூடத் தொடக் கூடாது. தெரியும்ல?”

“தெரியும் சார். போனைத் தொடலாம்ல?”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பதிவேட்டின் பக்கம் குனிந்தார். வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த செவிலி உள்ளே வந்து, நோயாளிகளின் பட்டியலை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். சொட்டு அவருக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, தொலைபேசியைத் தன் பக்கம் இழுத்து, முதல் எண்ணை அழுத்தினாள்.

“வணக்கம்மா, ஆய்வுக்கூடத்துலேர்ந்து பேசறேன். உங்களுக்குக் கூடப் பொறந்தவங்க இருக்காங்களா?... ஒரு தங்கச்சியா? அவங்களுக்கு ஒரு வலியும் இல்லையா?... ரொம்ப நல்லது. அவங்களத்தான் வரச் சொல்றேன்.”