வீட்டில் பாம்பு இருக்கிறது

ஜென்சி மன்னாரிலிருந்து மொன்றியலுக்கு வந்து இறங்கிய அன்று, சென்ட் லோரன்ட்டில் கணவன் றொபின்சன் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டின் வரவேற்பறைக்குள் கால் வைக்க மறுத்துவிட்டாள். தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. தொட்டிக்குள் பாம்பு. அவன் இதைத் தொலைபேசியில் முன்பே சொல்லியிருந்தான். அவள் பகிடி என்று நினைத்திருந்தாள்.

மலைப்பாம்பு இனத்தில் அது ஒரு சின்ன வகை. நஞ்சில்லை. பயந்தால் தலையை உள்ளே இழுத்துப் பந்துபோலச் சுருண்டுகொள்ளும். அதனால் அதற்குச் சுருளன் என்று பெயர். இந்த நாட்டில் தனியாளாக, ஒரு களஞ்சியத்தில் பெட்டி ஏற்றி இறக்கிவிட்டுத் திரும்பி வந்த காலத்தில், வீட்டுக்குள் உயிரோடு இருந்தது அது ஒன்றுதான் என்று றொபின்சன் ஒருநாள் சொன்னான். அதன்பிறகு, அதை எங்கேயாவது கொடுத்துவிடுங்கோ என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

பயம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. முதலில் தொட்டியைச் சேலைத் துணியால் மூடி வைத்தாள். பிறகு துணியை எடுத்தாள். ஒருநாள் கணவன் பிடித்திருக்கும்போது விரலால் தொட்டுப் பார்த்தாள். ஈரமாக வழுக்கும் என்று நினைத்தது, உலர்ந்து மெத்தென்று இருந்தது. வயிற்றில் பிள்ளை தங்கியதற்குப் பிறகு, அவன் வேலைக்குப் போன பகல்களில் சுருளனை மடியில் விட்டுக்கொண்டே பிரெஞ்சு வகுப்புப் பாடங்களைப் படித்தாள். அதன் தண்ணீர்க் கோப்பையைக் குசினி சிங்கில் தேத்தண்ணிக் கோப்பைகளோடு சேர்த்துக் கழுவினாள். கடிக்காத பாம்பால் என்ன வரப்போகிறது என்பதுதான் இருவருடைய எண்ணமும்.

ஆறாம் மாதத்தில், தெருவெல்லாம் ஸ்னோ குவிந்து கிடந்த மாசியில், அவளுக்குக் காய்ச்சல் வந்தது. வயிறு முறுக்கி முறுக்கி வலித்தது. கழிவறையை விட்டு வெளியே வர முடியவில்லை. முதலில் மீன்குழம்பில் பழிபோட்டார்கள். இரண்டாம் நாள் காலை அவள் கட்டிலில் சரிந்து படுத்து, வயிற்றில் கை வைத்துக் காத்திருந்தாள். வழக்கமாக அந்த நேரத்தில் பிள்ளை உதைக்கும். அன்று ஒன்றும் இல்லை. சர்க்கரைத் தண்ணீர் குடித்துப் பார்த்தாள். இடப்பக்கம் திரும்பிப் படுத்தாள். அப்போதும் இல்லை. எழும்பிச் சுவரைப் பிடித்தபடி போய் றொபின்சனைக் கூப்பிட்டாள்.

ஆஸ்பத்திரியில் நேர்ஸ் வயிற்றில் ஒரு கருவியை வைத்து அங்கும் இங்கும் நகர்த்தினாள். நீண்ட நேரம் இரைச்சல் மட்டுமே கேட்டது. ஜென்சி கூரையைப் பார்த்தபடி செபமாலை மந்திரத்தைப் பாதியில் விட்டு விட்டுத் திரும்பத் தொடங்கினாள். பிறகு எங்கிருந்தோ குதிரை ஓடுவதுபோல வேகமாக ஒரு சத்தம் வந்தது. பிள்ளையின் இதயம். அளவுக்கு மிஞ்சிய வேகம் என்று நேர்ஸ் சொன்னதை றொபின்சன் மொழிபெயர்க்கவில்லை. அவன் முகத்திலிருந்தே அவள் விளங்கிக்கொண்டாள்.

நடுவயதுப் பெண் டாக்டர் ஒருவர் வந்தார். அவர் பிரெஞ்சில் கேட்க, றொபின்சன் தமிழில் சொல்லி, அவள் பதிலைத் திருப்பிச் சொன்னான். என்ன சாப்பிட்டாள், எங்கே போனாள், வீட்டில் வேறு யாருக்கும் வருத்தமா. அடுத்த கேள்வியை மட்டும் அவன் அவளிடம் கேட்கவில்லை. தானாகவே இல்லை என்று தலையாட்டினான். ஆனால் அந்தக் கேள்விக்குள் ஒரு சொல் ஜென்சியின் காதில் பட்டது. 'அனிமோ'. வகுப்பில் மிருகங்களின் படங்களைக் காட்டிச் சொல்லிக்கொடுத்த சொல்.

அவள் அவனைப் பார்த்தாள். அவன் கட்டிலின் கம்பியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“வுய்,” என்றாள் ஜென்சி. “செர்பான்.”

பாம்புக்கு அவள் படித்திருந்த சொல் அது. எழுதிக்கொண்டிருந்த டாக்டரின் கை நின்றது. தொடுவாயா என்று சைகையால் கேட்டார். ஜென்சி தன் மடியைத் தொட்டுக் காட்டினாள்.

டாக்டர் ஏசவில்லை. மெதுவாக விளக்கினார். இந்தமுறை றொபின்சன் ஒன்றையும் விடாமல் சொன்னான். ஆரோக்கியமான பாம்பின் தோலிலும் எச்சத்திலும்கூட சல்மொனெல்லா என்ற கிருமி இருக்கலாம். கையிலிருந்து வாய்க்குப் போகும். கோப்பையிலிருந்து சிங்குக்கு, சிங்கிலிருந்து சோற்றுக்குப் போகும். மற்றவர்களுக்கு வயிற்றோட்டத்தோடு முடியலாம். கர்ப்பிணிக்கு இரத்தத்தில் ஏறலாம், பிள்ளையையும் எட்டலாம். இரத்தத்தைச் சோதிக்கக் கொடுத்துவிட்டு, முடிவு வரும்வரை காத்திராமல் மருந்தை ஏற்றத் தொடங்கினார்கள்.

டாக்டர் போனதும் அவள் கேட்டாள்.

“ஏன் இல்லையெண்டு சொன்னனீங்கள்?”

“ஓம் எண்டு சொன்னா, எல்லாம் என்னாலதான் எண்டு ஆயிடும். அந்தப் பயத்தில வாய் அப்பிடிச் சொல்லிப் போட்டுது.”

“நான் அந்தச் சொல்லைப் படிச்சிருக்காட்டி?”

அவன் முகத்தை மூடிக்கொண்டு கதிரையில் இருந்தான். அவளுக்கு அவனைத் தேற்ற மனம் வரவில்லை. அவளுக்கும் தேறுதல் இல்லை. மடியில் பாம்பைக் கிடத்தி வயிற்றைத் தடவிய அதே கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் போர்வைக்கு வெளியே நீட்டி வைத்திருந்தாள்.

இரத்தத்தில் கிருமி இருப்பதாக முடிவு வந்தது. காய்ச்சல் விடாமல் அடித்தது. ஒவ்வொரு முறை கருவியை வயிற்றில் வைக்கும்போதும் அந்த இரைச்சலுக்குள் துடிப்பு கேட்கும்வரை அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள். ஒரு மத்தியானம், நேர்ஸ் போர்வை மாற்றிக்கொண்டிருக்கும்போது, விலா எலும்புக்குக் கீழே ஓர் உதை விழுந்தது. பிறகு இன்னொன்று. ஜென்சி நேர்ஸின் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தாள்.

காய்ச்சல் இறங்கி அவள் வீட்டுக்கு வந்தபோது தொட்டி இருந்த இடத்தில் தரைவிரிப்பின் நிறம் மட்டும் வேறாகத் தெரிந்தது. சிங்கையும் தரையையும் ஃப்ரீசரையும் றொபின்சன் புளீச் ஊற்றித் தேய்த்திருந்தான். பாம்புக்குத் தீனியாக வாங்கி உறையவைத்திருந்த எலிகளும் போய்விட்டன. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருக்கும் வீட்டில் பாம்பு வேண்டாம் என்று டாக்டர் சொன்னதால், கர்க்லாண்டில் பிள்ளைகள் இல்லாத ஒரு வேலைத்தள நண்பரிடம் கொடுத்துவிட்டானாம். அதைச் சொல்லும்போது அவன் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அப்போதுதான் ஜென்சி அவன் முதுகில் கை வைத்தாள்.

வைகாசியில் பெண் பிள்ளை பிறந்தது. நிறை கொஞ்சம் குறைவு. நெஞ்சில் கிடத்தியபோது ஜென்சி முதலில் அழவில்லை, சிரிக்கவுமில்லை. பிள்ளையின் இரத்தம் சுத்தமா என்று டாக்டரிடம் தானே பிரெஞ்சில் கேட்டாள். பரிசோதனை முடிவு வந்ததும் டாக்டர் ஓம் என்றார். அவள் இன்னொரு முறை கேட்டாள். அவரும் இன்னொரு முறை சொன்னார்.