ஞாயிற்றுக்கிழமையே கிளம்பியாயிற்று

துங்கலாக் இருபத்தாறு வருஷம் உலான்பாதர் நகரப் பேருந்துப் பணிமனையில் டைம் கீப்பராக இருந்தவள். எந்த வண்டி எத்தனை மணிக்கு எந்த நிறுத்தத்தைத் தாண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். வண்டிகள் அவள் சொன்னபடி ஓடினவா என்பது வேறு விஷயம். அவள் கணவன் தம்தின் கோபிப் பாலைவனத்தில் முப்பது வருஷம் லாரி ஓட்டியவன். எத்தனை மணிக்குப் போய்ச் சேருவாய் என்று யாராவது கேட்டால் அவன் முகம் இஞ்சி தின்ற குரங்கு போல ஆகிவிடும். அந்தப் பக்கத்தில் வண்டி ஓட்டுகிற எவனும் அந்தக் கேள்வியைப் பொறுக்க மாட்டான். சேரும் நேரத்தை வாய்விட்டுச் சொன்னால் டயர் வெடிக்கும், அச்சு முறியும், காய்ந்த ஓடையில் வெள்ளம் வரும். இப்படிப்பட்ட இருவரும் இருபத்தெட்டு வருஷம் எப்படிக் குடித்தனம் நடத்தினார்கள் என்றால், அவன் பாதி நாள் வீட்டில் இல்லை.

இப்போது இருவரும் சேர்ந்தே பயணம் போக வேண்டி வந்தது. தம்தினுக்கு இடது கண் போய் இரண்டு வருஷம் ஆகிறது. இந்த மே மாதம் வலது கண்ணிலும் புகை மூடத் தொடங்கியது. டாக்டர் பார்த்துவிட்டு, விழித்திரை கழன்றுகொண்டு வருகிறது, உடனே அறுவை செய்யாவிட்டால் இந்தக் கண்ணும் போய்விடும் என்றார். எல்லைக்கு அப்பால், சீனாவில் ஹோஹோட் ஆஸ்பத்திரியில் வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு இடம் கிடைத்தது. அதை விட்டால் மூன்று வாரம் கழித்துத்தான். அந்தக் கண் மூன்று வாரம் காத்திருக்காது.

துங்கலாக் கட்டம் போட்ட தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். விமானத்துக்கு வசதியில்லை. நேராகப் போகிற ரயிலில் இடமில்லை. செவ்வாய் மாலை ரயிலில் ஏறினால் புதன் காலை ஏழரைக்கு எல்லையூரான ஜமின்-ஊத். அங்கிருந்து எட்டு மணிக்கு வேன், பத்து மணிக்குள் அந்தப் பக்கத்து ஊரான எரீன். எரீனில் ரயில் மாறி, ஒன்று நாற்பதுக்குக் கிளம்பினால் ராத்திரி எட்டரைக்கு ஹோஹோட். அந்த ஒன்று நாற்பது ரயிலை விட்டால் அடுத்தது மறுநாள் காலைதான். அது போய்ச் சேருவதற்குள் ஒன்பது மணி என்றைக்கோ கடந்திருக்கும். அந்த இடத்தில் சிவப்புப் பேனாவால் இரண்டு கோடு போட்டாள்.

படித்துக் காட்டியபோது தம்தின் முதல் வார்த்தையிலேயே நிறுத்திவிட்டான்.

"செவ்வாய்க்கிழமையா? செவ்வாயோ வெறுவாயோம்பாங்க. அன்னிக்கு எவன்டி தூரப் பயணம் கிளம்புவான்?"

"கண்ணு போனாப் பரவாயில்லையா?"

"கண்ணுக்காகத்தானே போறோம். அதை ஏன் செவ்வாய்க்கிழமை கிளப்பிக் கெடுக்கணும்?"

"ரயில்காரன் உனக்காக நாள் பாத்தா ரயில் விடுவான்?"

"அப்ப நீ போய்ட்டு வா. என் கண்ணு இங்கயே இருக்கட்டும்."

அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை, பயந்திருந்தான். அது அவளுக்குத் தெரிந்ததால் கோபத்தை முழுசாகக் காட்டவும் முடியவில்லை. கடைசியில் அவன் தங்கை கோர்லோதான் வழி சொன்னாள். அவள் வீடு ஊரின் வட மேட்டில், கூடாரங்களும் பலகை வேலிகளும் இருக்கிற பகுதியில்.

"இதுக்கா அண்ணி மண்டைய உடைச்சுக்கிறீங்க? ஞாயித்துக்கிழமை நல்ல நாள். அன்னிக்கே பரஸ்தானம் பண்ணிட்டு மூட்டையோட எங்க வீட்டுக்கு வந்துடுங்க. பயணம் அப்பவே தொடங்கிடுச்சு. செவ்வாய்க்கிழமை ரயில் ஏறுறது நடு வழியில வண்டி மாறுற மாதிரி. அவ்வளவுதான்."

தம்தின் முகம் தெளிந்தது. ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு இருவரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு புறப்பட்டார்கள். நாற்பது நிமிஷ பஸ் பயணம். அந்தத் தடத்துக்கு நேரம் குறித்தவளே துங்கலாக்தான். போய் இறங்கி, உப்புப் போட்ட பால் தேநீரை ஊதிக் குடித்துக்கொண்டே தம்தின் யாருக்கோ போன் போட்டான்.

"கொம்போ! நாங்க கிளம்பிட்டோம்டா. ஆமா, இன்னிக்குத்தான். வந்துக்கிட்டே இருக்கோம்."

கொம்போ ஜமின்-ஊத்தில் ஜீப் ஓட்டுகிறவன், பழைய சிநேகிதன். எல்லையை நடந்து தாண்ட விட மாட்டார்கள் என்பதால் ஆட்களை ஏற்றி அந்தப் பக்கம் இறக்குவதுதான் அவன் பிழைப்பு. துங்கலாக் சிரித்துவிட்டாள்.

"எங்கய்யா வந்துக்கிட்டிருக்க? தங்கச்சி வீட்டுல சம்மணம் போட்டு உக்காந்திருக்க. எப்ப வருவோம்னு சொன்னியா அவன்கிட்ட?"

"அதெல்லாம் அவனும் கேக்க மாட்டான், நானும் சொல்ல மாட்டேன்."

"நல்ல ஏற்பாடு. நமக்கு வேன் சொல்லியிருக்கேன். உன் கொம்போ வேண்டாம்."

இரண்டு நாள் அவன் தங்கை வீட்டை விட்டு நகரவில்லை. போன் சார்ஜரை வீட்டில் மறந்து வந்ததை துங்கலாக் சொன்னபோது, புறப்பட்ட வீட்டுக்குத் திரும்பிப் போவதா என்று குதித்தான். பக்கத்து வீட்டில் இரவல் வாங்கினாள்.

செவ்வாய் மாலை கோர்லோ டாக்சிக்குப் பின்னால் கரண்டியால் பாலைத் தெளித்து வழியனுப்பினாள். ரயில் குறித்த நேரத்தில் கிளம்பியது. எதிர்ப் படுக்கையில் ஆட்டு மந்தை வைத்திருக்கிற தம்பதி, காய்ந்த தயிர்க்கட்டியை நீட்டினார்கள். எல்லாம் தாளில் இருந்தபடியே போனதில் துங்கலாக்குக்குத் தலைகால் புரியவில்லை போலும். தேநீர் கொண்டுவந்த பெண்ணிடம் பழக்க தோஷத்தில் கேட்டுவிட்டாள்:

"ஜமின்-ஊத்துக்கு ஏழரைக்குச் சேர்ந்துடும்ல?"

எதிரே மென்றுகொண்டிருந்த இரண்டு வாய்களும் நின்றன. மந்தைக்காரர் மனைவி 'ச்சு' கொட்டினாள்.

"ஏன்டி, ஊமையா வந்திருக்கக் கூடாதா?" என்றான் தம்தின்.

"இது ரயிலு. லாரி இல்ல."

"வண்டின்னா வண்டிதான்."

விடிகாலை நாலரைக்கு மணற்புயல் வந்தது. ஜன்னலுக்கு வெளியே உலகமே மஞ்சளாகி, ரயில் நடுப் பாலைவனத்தில் நின்றது. மந்தைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் துங்கலாக்கை ஒரு பார்வை பார்த்தார், அது சொன்னதைவிட மோசம். அவள் தாளை மடியில் விரித்து, அழித்து, மறுபடி எழுதினாள். எட்டு மணி ஆயிற்று. சிவப்புக் கோட்டுக்கு முன்னால் இருந்த இடைவெளி கண்ணெதிரே சுருங்கியது. தம்தின் வெளிச்சம் மட்டும் தெரிகிற அந்த ஒற்றைக் கண்ணை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். திட்டியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ரயில் ஜமின்-ஊத்தில் நின்றபோது மணி பத்து பத்து. வேன்காரன் வேறு ஆட்களை ஏற்றிக்கொண்டு எப்போதோ போயிருந்தான். டாக்சி பிடித்து எல்லை வாசலுக்குப் போனார்கள். அங்கே ஜீப்புகள் ஒன்றன் பின் ஒன்றாகக் கண்ணுக்கெட்டிய தூரம் நின்றன. இருநூறு வண்டியாவது இருக்கும். பன்னிரண்டு மணிக்குச் சாப்பாட்டுக்காக வாசலை மூடினால் இரண்டு மணிக்குத்தான் திறப்பார்கள். ஒன்று நாற்பது ரயில் அதற்குள் போயே போய்விடும்.

துங்கலாக் மூட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையின் வாலிலிருந்து ஒவ்வொரு ஜீப்பாகக் கேட்டுக்கொண்டு நடந்தாள். பின்னால் நிற்பவர்களிடம் இடம் இருந்தது, நேரம் இல்லை. முன்னால் நிற்பவர்களிடம் இடம் இல்லை. பதினொன்று ஆயிற்று.

"என்னாலதான்யா. தாளு போட்டேன், கோடு போட்டேன், உன் கண்ணைக் காப்பாத்தத் தெரியல."

அவள் தோளைப் பிடித்தபடி நடந்துகொண்டிருந்த தம்தின் சட்டென்று நின்றான்.

"பேசாத. கேளு."

"என்னத்தக் கேக்க?"

"அந்த இருமல். அது கொம்போ வண்டி இன்ஜினு. கார்புரேட்டர மாத்துடான்னு பத்து வருஷமா சொல்றேன்."

சத்தம் வாசலுக்குப் பக்கத்திலிருந்து வந்தது. வரிசையில் மூன்றாவதாக, சேறு படிந்த பழைய ஜீப்பிலிருந்து ஒரு தலை வெளியே நீண்டது. மூன்று நாள் தாடி, சிவந்த கண், வாய் நிறைய வசவு.

"டேய் தம்தினு! ஞாயித்துக்கிழமை கிளம்பினவன் புதன்கிழமை வர்றியா? ஒட்டகத்துல வந்தியா, இல்ல ஒட்டகத்தத் தூக்கிக்கிட்டு வந்தியா?"

"கொம்போ அண்ணே!" துங்கலாக் ஓடினாள். "நீங்க எப்ப வந்தீங்க?"

"எப்பவா? இவன் கிளம்பிட்டேன்னு சொன்னான். ராத்திரி ரயிலு, திங்கக்கிழமை காலையில வந்துடுவான்னு ஞாயித்துக்கிழமை ராத்திரியே வரிசையில போட்டேன் வண்டிய. திங்கக்கிழமை வாசலுக்கு வந்துட்டேன். ஆளக் காணோம். ஒவ்வொருத்தனா முன்னால விட்டுக் குடுத்து, ஒதுங்கி ஒதுங்கி, மூணு நாளா இங்கயே நிக்கிறேன். எனக்குப் பின்னால நின்னவன் ரெண்டு தடவ போய்ட்டு வந்துட்டான். காவக்காரன் என்னைப் பைத்தியம்னு முடிவே பண்ணிட்டான்!"

"ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாம்ல?"

கொம்போ அவளைப் பார்த்த பார்வையில் நிஜமான திகைப்பு இருந்தது. "வழியில இருக்கறவனக் கூப்பிட்டு எங்க இருக்க, எப்ப வருவன்னு கேக்கிறதா? எனக்கென்ன கிறுக்கா?"

துங்கலாக்குக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவள் ஏற்பாட்டின்படி இவனிடம் 'புதன் காலை ஏழரை' என்று துல்லியமாகச் சொல்லியிருந்தால், இவனும் இன்று காலை வந்து வரிசையின் வாலில்தான் நின்றிருப்பான். தங்கை வீட்டுப் பால் தேநீருக்குப் போன நாற்பது நிமிஷத்தைப் பயணம் என்று இந்த மனுஷன் நம்பியதால்தான் வாசலில் ஓர் இடம் மூன்று நாளாகக் காத்திருந்தது.

பதினொன்று ஐம்பதுக்கு அவர்கள் வண்டி வாசலுக்குள் நுழைந்தது. பின்னால் கதவு மூடுகிற சத்தம் கேட்டபோது அவளுக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. முத்திரை குத்தினார்கள், மூட்டையைத் திறந்து பார்த்தார்கள், தயிர்க்கட்டியை முகர்ந்து பார்த்தார்கள். அந்தப் பக்கத்திலும் ஒரு வரிசை, ஒரு முத்திரை. கொம்போ வழியெல்லாம் திட்டிக்கொண்டே ஓட்டினான், தம்தின் வழியெல்லாம் கார்புரேட்டரைப் பற்றியே பேசினான். எத்தனை மணிக்குப் போவோம் என்ற கேள்வி துங்கலாக்கின் நாக்கு நுனிவரை நாலு தடவை வந்தது. நாலு தடவையும் தயிர்க்கட்டியை வாயில் போட்டு அடைத்தாள்.

எரீன் நிலையத்தில் இறங்கியபோது மணி ஒன்றேகால். காசு நீட்டியவளின் கையைக் கொம்போ தட்டிவிட்டான். "கண்ணத் திறந்துக்கிட்டு வரட்டும், அப்பறம் வாங்கிக்கிறேன். டேய், திரும்பி வர்றப்ப வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு போன் பண்ணாத, ரயில்ல ஏறி உக்காந்துட்டுப் பண்ணு."

சீன ரயில் சுத்தமாக இருந்தது. தம்தினை ஜன்னலோரம் உட்கார வைத்து, மூட்டையை மேலே தள்ளி, டிக்கெட்டை மூன்று முறை சரிபார்த்து, அவளும் உட்கார்ந்தாள். ஒன்று நாற்பதுக்கு, ஒரு நிமிஷம் முன்னே பின்னே இல்லாமல், நடைமேடை நகர்ந்தது. அவள் தாளை எடுத்துச் சிவப்புக் கோடுகளை ஒருமுறை பார்த்தாள். பிறகு அப்படியே அதில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். நாளைக் காலை ஒன்பது மணிக்கு இவன் அந்தப் படுக்கையில் இருப்பான். பயம் விட்டுப்போன அழுகை என்பதால் அவளே அதை நிறுத்தவில்லை.

தம்தின் தடவித் தடவி அவள் கையைப் பிடித்தான். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"துங்கா."

"ம்."

"இந்த வண்டி எத்தனை மணிக்குப் போய்ச் சேருது?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவன் வாயிலிருந்து வராத கேள்வி. விடை தாளிலேயே இருந்தது, அவள் கையால் எழுதியது, எட்டரை. வாயைத் திறந்தாள். சொல்ல மனசு வரவில்லை.

"சேரும்யா," என்றாள். "நல்லபடியா சேரும்."

தம்தின் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தான்.

"இருபத்தெட்டு வருஷம் கழிச்சு இன்னிக்குத்தான்டி நீ டிரைவர் பொண்டாட்டி ஆன."