மாதிரி விசாரணை

“நீதான் ஆர்.டி.ஓ.ன்னு வெச்சுக்க. இந்தச் சேர்ல உக்காரு,” என்றான் வளன், தங்கை ஆன் மேரியிடம். கல்லறையில் அண்ணியின் குழிமண் இன்னும் காயவில்லை.

அம்மா விமலாராணியும் மூத்தவன் ஜெயராஜும் சுவரோரம் பள்ளிக்கூடப் பிள்ளைகள்போல் உட்கார்ந்திருந்தார்கள். ஜெயராஜின் மனைவி ஜோஸ்பின் தீயில் வெந்து, பேச்சே வராமல் பெரியாஸ்பத்திரியில் செத்துப்போனாள். கல்யாணமான ஏழு வருஷத்துக்குள் ஒரு பெண் இப்படிப் போனால் ஆர்.டி.ஓ. விசாரிப்பார். நாளை மறுநாள் வீட்டுக்கே வருகிறார். வளன் சட்டக் கல்லூரியில் கடைசி வருஷம். நல்லவேளை வீட்டிலேயே ஒரு வக்கீல் இருக்கிறான் என்று அம்மா காலையிலிருந்து சொல்லிச் சொல்லி மாய்ந்தாள்.

அவனுக்கு இதெல்லாம் கைவந்த கலை. கல்லூரியில் மாதிரிச் சட்ட உதவி மையம் என்று ஒன்று உண்டு. ஒருவன் வக்கீலாக உட்கார, இன்னொருவன் கட்சிக்காரனாக வந்து குறையைச் சொல்லவேண்டும். எப்படிக் கேட்பது, எங்கே மடக்குவது, மனுவில் எதை எழுதுவது எல்லாம் அப்படித்தான் பழகினான். லீவுக்கு வந்தால் வீட்டிலும் அதையே நடத்துவான். போன கிறிஸ்துமஸுக்கு அண்ணியைக் கட்சிக்காரியாக உட்காரவைத்தான். சேத்தியாத்தோப்பில் இருக்கிற தன் அப்பாவின் வயலை விற்று, புருஷனுக்குப் பீங்கான் யூனிட் வைத்துக்கொடுக்கச் சொல்லி மாமியார் அடிப்பதாகச் சொல்லி அவள் அழுதாள்.

“நெஜமாட்டமே நடிக்கிறீங்க அண்ணி,” என்று வளன் கைதட்டினான். ஆன் மேரியும் தட்டினாள். அம்மா மட்டும் தட்டவில்லை. இப்போது தன் கைகளைப் பார்க்கவே ஆன் மேரிக்குக் கூசியது.

ஒத்திகை தொடங்கியது. மருமகள் டீ போட்டாள், ஸ்டவ் வெடித்தது, சாக்கைப் போட்டு அணைத்தோம் என்று அம்மா ஒப்பித்தாள். ஜெயராஜும் அதையே சொன்னான். இரண்டு பேரும் வார்த்தை மாறாமல் சொன்னால் சந்தேகம் வரும் என்று வளன் திருத்தினான். எந்த இடத்தில் அழவேண்டும் என்பதைக்கூடக் காட்டிக்கொடுத்தான்.

“நீயும் எதனா கேளு மேரி. ஆர்.டி.ஓ. சும்மா உக்காந்திருக்கமாட்டாரு.”

கேட்பதற்கு அவளிடம் ஒன்று இருந்தது. அன்று அவள் டைப்பிங் கிளாஸ் விட்டு வந்தபோது அண்ணி உள்ளே அலறிக்கொண்டிருந்தாள். சமையலறைக் கதவு வெளியே தாழிட்டிருந்தது. அதன்முன் ஜெயராஜ் நின்றான். அவனைத் தள்ளிவிட்டு அவள்தான் திறந்தாள். அதைக் கேட்க நாக்கு எழவில்லை. வேறொன்று வாயில் வந்தது.

“நம்ம வூட்டுல இருக்கறது திரி ஸ்டவ்வு. காத்தடிக்கிற பம்ப் ஸ்டவ்வுதான் வெடிக்கும். இது எப்பிடிம்மா வெடிச்சுது?”

அம்மாவின் முகம் வெளுத்தது. இனியாவது சின்ன அண்ணன், உண்மையில் என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை கேட்பான் என்று ஆன் மேரி காத்திருந்தாள்.

வளனுக்கு முகமெல்லாம் பூரிப்பு. “கரெக்டான கேள்வி,” என்று அவள் தோளைத் தட்டினான். “அண்ணே, இத நாம கவனிக்கவே இல்ல பாருங்க.”

மறுநாள் ஜெயராஜ் திரி ஸ்டவ்வைச் சாக்கில் கட்டி எங்கோ எடுத்துப் போனான். வரும்போது காயலான் கடையிலிருந்து டேங்க் பிளந்த பம்ப் ஸ்டவ் ஒன்றைக் கொண்டுவந்தான். அம்மா அதில் கரியைப் பூசினாள். பொய்யில் இருந்த ஓட்டையை ஆன் மேரிதான் அவர்களுக்குக் காட்டிக்கொடுத்திருந்தாள்.

“நாளைக்கு வாயத் தொறந்து எதனா ஒளறுன, நாங்க ஜெயிலுக்குப் போவோம்,” என்றாள் அம்மா. “அப்புறம் உன்ன எவன் கட்டுவான்?”

கட்டிக்கொண்டு போன இடத்தில் தனக்கும் ஒரு ஸ்டவ் வெடிக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

ஆர்.டி.ஓ. வந்தார். அம்மா அழவேண்டிய இடத்தில் அழுதாள். ஜெயராஜ் தடுமாறவேண்டிய இடத்தில் தடுமாறினான். கடைசியாக ஆன் மேரியைக் கூப்பிட்டார்கள். கிறிஸ்துமஸ் அன்று அண்ணி கட்சிக்காரியாக உட்கார்ந்த அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். ஆர்.டி.ஓ. ஸ்டவ்வைக் காட்டி, இதுதான் வெடித்ததா என்று கேட்டார். வாசற்படியில் நின்ற வளன் மெல்லத் தலையாட்டினான்.

“எந்த ஸ்டவ்வக் கேக்குறீங்க சார்?” என்றாள் அவள். “அண்ணி எரிஞ்சப்ப இருந்ததையா, அவங்களப் பொதைச்சப்புறம் வாங்கியாந்ததையா?”

வளனின் தலையாட்டல் பாதியில் நின்றது. அவள் அவனைப் பார்க்கவில்லை.

“தாப்பாளும் வெளிய போட்டிருந்துச்சு சார். எழுதிக்குங்க.”