பெட்டியின் அளவில் ஓர் அறை

பல நாள் பெய்த மழை ஓய்ந்து, முகிலை விலக்கி இளவெயில் இறங்கிய காலைப்பொழுதில், இருமருங்கும் மாடிவீடுகள் நெருங்கி நின்ற அந்நெடுந்தெருவில், மாடந்தோறும் கொடிகட்டி ஈரத்துணி உலர்த்தும் வேலை போட்டி போட்டுக்கொண்டு நடந்தது. போர்வையும் சட்டையும் காற்றில் அசைய, கீழே நடந்தோர் தம் தலையில் விழுந்த சொட்டுகள் வானத்திலிருந்து வந்தவை அல்ல என்று அறிந்தும் அண்ணாந்து பார்த்தபடி சென்றனர். செந்தமிழ்ச் சுவை அறிந்த அன்பரே, ஒரு குடும்பத்தின் பொறுமை எவ்வளவு என்று அறிய வேண்டுமாயின், உலர்ந்த துணியை அவர்கள் எங்கே வைக்கிறார்கள் என்று பாருங்கள். வேறு ஆய்வு வேண்டா.

அத்தெருவின் மூன்றாம் மாடி வீடொன்றில், அச்சகத்தில் பிழை திருத்துவதைத் தொழிலாகக் கொண்ட ஒருவரும், மருந்துக்கடையில் பணிபுரியும் அவர் மனைவியும், கணவரை இழந்தபின் சென்ற கோடையில் வந்து சேர்ந்த அவருடைய தமக்கையும் வாழ்ந்தனர். ஊரார் எழுத்தில் ஓர் ஒற்றுப்பிழையையும் தப்பவிடாத அப்பெருமகனார், தம் வீட்டு நாற்காலிகளில் மலையாய்க் குவிந்த துணிகளில் மட்டும் ஒரு பிழையும் காணாதவர். தமக்கையின் ஆடைகளோ எந்த நாற்காலியையும் அண்டியதில்லை. நாள்தோறும் தம் பெட்டியிலிருந்து ஓர் ஆடையை எடுப்பார். துவைத்து உலர்ந்ததை மடித்து உள்ளே வைத்துப் பூட்டிவிடுவார். அதைக் காணும்போதெல்லாம், இவர் ஒருநாள் விடைபெற்றுப் போய், ஆளற்றுக் கிடக்கும் தம் வீட்டில் தனியே உழல்வாரோ என்று தம்பி மனைவி கவலைப்படுவாள். இங்கேயே இருங்கள் என்று சொல்லவும் நா எழவில்லை. போக எண்ணாதவருக்கும் அச்சொல்லே போவதை நினைவூட்டிவிடுமோ என்று அஞ்சினாள்.

ஒருவழியாக ஆடைப்பேழை ஒன்று செய்வதென முடிவாகி, தச்சர் வந்தார். வந்தவர் சுவரை அளக்கவில்லை. வீட்டுத் துணி அனைத்தையும் கூடத்தில் கொட்டச் சொன்னார். தொங்கவேண்டியவை, மடித்து அடுக்கவேண்டியவை, குளிர்காலத்தில் மட்டும் தேவைப்படுபவை எனப் பிரித்தபின், ஒவ்வொருவரையும் சுவரோரம் நிற்கவைத்து, குதிகால் உயர்த்தாமல் கை எட்டும் இடத்தில் கோடிட்டார். எக்கி எடுக்கவேண்டிய தட்டில் தூசிதான் குடியிருக்கும் என்பது அவர் கருத்து. தமக்கை மட்டும் தமக்குப் பெட்டியே போதும் என்று புன்னகையோடு ஒதுங்கிக்கொண்டார். அவர் மனத்தைக் கிளற விரும்பாத தம்பி மனைவி, அவர் குளிக்கச் சென்ற வேளையில் அப்பெட்டியைக் கயிற்றால் அளந்து, நான்கு புறமும் விரலளவு இடம் விட்டு, அதற்கென்றே ஒரு கீழறை அமைக்குமாறு தச்சரிடம் சொல்லிவைத்தாள். அன்பினால் விளைந்த பிழை அது.

பேழை வந்து சுவரோடு பொருந்தி நின்றது. இடப்புறம் சட்டைகள் கசங்காமல் தொங்க நெடிய அறை; வலப்புறம் கைக்கு எட்டும் தட்டுகள்; அவற்றின் கீழ் உள்ளாடைக்கும் காலுறைக்கும் இழுப்பறைகள்; பின்பலகையில் ஈரவாடை போகச் சிறு துளைகள்; துடைப்பம் நுழையும் அளவுக்கு உயர்ந்த கால்கள். நாற்காலிகளில் மீண்டும் மனிதர் அமரலாயினர். பெருமை பொங்கத் தம்பி மனைவி பெட்டியைக் கீழறைக்குள் தள்ளினாள். வாளுக்குச் செய்த உறைபோல் பொருந்தியது. தமக்கையின் முகம் வாடிப்போயிற்று. சற்றுப் பொறுத்து, வந்த நாளில் கொடுத்துவைத்திருந்த தம் வீட்டுச் சாவியைத் தேடி எடுத்துத் தருமாறு தம்பியிடம் மெல்லக் கேட்டார். அவரும் ஏன் என்று கேளாமல் தேடப் போய்விட்டார்.

"அண்ணி, நான் ஏதாவது தப்பு செஞ்சுட்டேனா?" என்று தம்பி மனைவி கேட்டாள்.

"தப்பு என்னம்மா இருக்கு? உங்களுக்கெல்லாம் துணி வைக்க இடம். எனக்குப் பெட்டி வைக்க இடம். கிளம்பப் போறவளுக்கு அதுதானே வசதி."

"பெட்டியைத் திறங்கன்னு சொன்னா உங்க மனசு நோகுமோன்னு பயந்துட்டேன் அண்ணி. நீங்க போயிடக் கூடாதுன்னுதான் அதுக்கும் ஒரு இடம் செய்யச் சொன்னேன்."

தமக்கை கீழறையின் முன் அமர்ந்தார். "நீ ஒரு வார்த்தை கேட்பேன்னு இத்தனை நாளா காத்துட்டிருந்தேன்," என்றார். பேழைக் கதவைச் சரிபார்த்துக்கொண்டிருந்த தச்சர், ஏற்கெனவே இறுகியிருந்த கீல் ஒன்றை மும்முரமாக இறுக்கத் தொடங்கினார்.

பெட்டியை இழுத்துத் தமக்கையே திறந்தார். மேலே அவருடைய ஆடைகள் சிலவே இருந்தன. அவற்றின் அடியில், மடிப்புக் கலையாமல், மறைந்த கணவரின் சட்டைகள். "இதையும் வெளியே எடுத்து உங்க இடத்தை அடைக்கக் கூடாதுன்னுதான் உங்க முன்னாடி திறக்கலை," என்றார். தம்பி மனைவி நெடிய அறையைத் திறந்து, தன் கணவரின் சட்டைகளை ஒருபுறமாக நெருக்கித் தள்ளி, அவற்றின் அருகே இச்சட்டைகளை ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டாள். தமக்கையின் ஆடைகளைத் தன் தட்டிலேயே அடுக்கினாள். கீழறைக்கு இரண்டு பலகை இருந்தால் போர்வைகள் அங்கே போய்விடும் என்று தச்சர் கீலோடு பேசுவதுபோல் சொன்னார்.

அவ்வேளையில் பிழை திருத்துபவர், வெற்றிக் களிப்போடு சாவியை ஏந்திவந்து நின்றார். தமக்கை அவரை ஏறிட்டுப் பார்த்து, "நீயே வெச்சிருடா," என்றார்.

தம்பி மனைவிக்கு உயிர் திரும்பி வந்தது. நாற்காலியில் அமர்ந்து அழுது தீர்த்தாள். அன்பரே, மரத்துக்கு அளவு உண்டு, துணிக்கும் அளவு உண்டு. வாய் திறவாத அன்புக்கோ அளவெடுப்பார் எவருமிலர். பேசிவிட்ட அவ்வீட்டில், இருப்பவரின் சட்டைகளும் இல்லாதவரின் சட்டைகளும் ஒரே கம்பியில் தோளோடு தோள் சேர்ந்து நிற்கின்றன.